உதவிப் பணியில் அரசியலும் சொந்த மதிப்பீடுகளும்

இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெறுபவர் ஏற்கும் உறுதிமொழியில், தம் கடமைக்கும் நோயாளிக்கும் நடுவே மதமோ, தேசமோ, இனமோ, கட்சி அரசியலோ, சமூக அந்தஸ்தோ வந்து நிற்க இடம் தரமாட்டேன் என்று ஒரு வாக்கு உண்டு. மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை நெறிமுறைகளில் அது இடம்பெற்றிருக்கிறது. கட்சி அரசியல் என்பதைச் சுற்றிவளைக்காமல் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். இந்த வாக்கு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. செவிலியர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், பள்ளி ஆலோசகர், போதை மீட்பு மையத்தில் வேலை பார்ப்பவர், உதவி எண்ணில் அழைப்பை எடுப்பவர் என, துன்பத்தோடு வரும் ஒருவருக்கு எதிரே உட்காருகிற எல்லோருக்கும் பொருந்தும்.

அந்த வாக்கைக் காப்பாற்றுவது கடினம். வளர்ந்த வீடு, பிறந்த சாதி, கும்பிடும் சாமி அல்லது கும்பிடாத பிடிவாதம், ஓட்டுப்போடும் சின்னம், பெண் எப்படி இருக்க வேண்டும் என்று சிறு வயதில் காதில் விழுந்தவை எல்லாம் பணியாளரோடு அறைக்குள் வருகின்றன. செருப்பைப் போல வாசலில் கழற்றிப் போட முடியாது. தமக்கு எந்தச் சார்பும் இல்லை என்று உறுதியாக நம்பும் பணியாளரே மேற்பார்வையாளரின் கவனம் அதிகம் தேவைப்படுபவர். கருத்து இருப்பது குற்றமில்லை. அறையில் எடுக்கப்படும் முடிவு யாருடைய வாழ்க்கையைப் பற்றியது, அதன் விளைவை யார் சுமக்கப் போகிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வதே இந்தத் தொழிலின் ஒழுக்கம்.

சட்டம் போட்டிருக்கும் கோடு

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 3-ஆம் பிரிவை உதவிப் பணியில் இருக்கும் எவரும் ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ, அவர் எந்த மதத்தையோ பண்பாட்டையோ சேர்ந்தவர் என்பதையோ வைத்து அவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. ஊரில் நிலவும் ஒழுக்க, சமூக, அரசியல் மதிப்பீடுகளுக்கும் மத நம்பிக்கைகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்காகவும் அப்படித் தீர்மானிக்கக் கூடாது. 18-ஆம் பிரிவு, சாதி, மதம், பாலினம், பாலீர்ப்பு, அரசியல் நம்பிக்கை, ஊனம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு இல்லாமல் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது.

சட்டத்தில் இதை எழுதி வைப்பதற்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. சோவியத் ஒன்றியத்தில் ஆட்சியை எதிர்த்துப் பேசியவர்களில் பலர் மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டார்கள். ஸ்னெஷ்னெவ்ஸ்கி என்ற செல்வாக்குமிக்க மனநல மருத்துவரின் வழிவந்தவர்கள் ‘மந்தகதி மனச்சிதைவு’ என்று ஒரு நோயை வகுத்திருந்தார்கள். சமுதாயத்தைச் சீர்திருத்த வேண்டும் என்ற தீவிர எண்ணத்தையும் அதன் அறிகுறியாகக் கொள்ள முடிந்தது. வெளி உலகின் கண்டனம் வலுத்தபோது, வெளியேற்றப்படும் முன்பே சோவியத் மனநல மருத்துவர் சங்கம் 1983-இல் உலக மனநல மருத்துவச் சங்கத்தை விட்டு விலகிக்கொண்டது. அந்த மருத்துவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று எடுத்துக்கொண்டால் இந்த வரலாற்றிலிருந்து கற்க ஒன்றும் இராது. தங்கள் நாட்டின் பொதுக்கருத்தையே மருத்துவ உண்மை என்று நம்பியவர்களும் அவர்களிடையே இருந்திருப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் 1973 வரை தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் அதை நீக்கியது 1990-இல்.

கசியும் இடங்கள்

பெரும்பாலான பணியாளர்கள் பிரசங்கம் செய்வதில்லை. அவர்களின் மதிப்பீடு சின்னச் சின்ன இடங்களில் கசிகிறது. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒரு தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சாமி படம் இருக்கும். வந்தவர் எண்ணைச் சேமித்துக்கொண்டு போன அன்றிரவே பணியாளரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்ப்பார். அதில் தேர்தல் வெற்றிக் கொண்டாட்டம் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த வாரம் அவர் வேறு ஆளாகப் பேசுவார், அல்லது வராமலே போவார். பணிக்கென்று தனி எண் வைத்துக்கொள்வதும், அறைச் சுவரை வெறுமையாக வைப்பதும் செலவில்லாத ஏற்பாடுகள்.

தமிழ்நாட்டில் இன்னொரு கசிவு உண்டு. “சொந்த ஊர் எது?” என்று கேட்டு, ஊரைச் சொன்னதும் “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று தொடர்வது. கேட்பவர் பேச்சைத் தொடங்குவதற்காகக் கேட்டதாகச் சொல்லலாம். பதில் சொல்பவர் தம் சாதி விசாரிக்கப்படுவதாகவே எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு வாழ்நாள் முழுவதும் காரணம் கிடைத்திருக்கிறது. முகவரி தேவைப்பட்டால் படிவத்தில் எழுதச் சொல்லலாம். சாதி, பிரச்சினையோடு தொடர்புடையது என்று தோன்றினால், “இதுல சாதி சம்பந்தமா ஏதாவது நடந்துச்சா?” என்று நேராகவே கேட்கலாம். மறைமுகக் கேள்வியை விட நேர்க்கேள்வி மரியாதையானது.

பள்ளி ஆலோசகர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்வது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றைக் கண்டுகொள்ளாமல் ‘கோபத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி’ என்று வகுப்பெடுக்கும் ஆலோசகர் நடுநிலை வகிப்பதாக நினைக்கலாம். அடிபடும் மாணவனுக்கு அது அடிப்பவனின் பக்கமாகத்தான் தெரியும்.

அறிவுரை என்ற பெயரில் தீர்ப்பு

மாவட்டத் தலைநகரில் ஓர் ஆலோசனை மையம் இருப்பதாகக் கொள்வோம். 23 வயதுப் பெண் ஒருவர் வருகிறார். ஆய்வகத்தில் வேலை. மூன்று வாரமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. மெல்லப் பேச்சு வளர்ந்ததும் வேறு சாதிப் பையனைக் காதலிப்பது தெரியவருகிறது. ஆலோசகர் அம்மாவும் அந்தப் பெண்ணின் சாதியைச் சேர்ந்தவர். அவர் கனிவாகச் சொல்கிறார்: “அப்பா அம்மா உன்னைப் படிக்க வைக்க எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாங்க. அதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா.”

குரலில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பெண் ஏற்கெனவே ஆயிரம் முறை யோசித்துத்தான் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறாள். இனி இந்த அறையிலும் ஓர் உறவுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

அதே நாற்காலியில் சாதி ஒழிப்பில் உறுதியான இளம் ஆலோசகர் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்கக்கூடும்: “பயப்படாதீங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்குங்க, மத்ததைப் பார்த்துக்கலாம்.” கொள்கை உயர்வானதுதான். இதுவும் தீர்ப்புதான், விபரீதமாகவும் முடியலாம். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்தால் அது 30 நாள் அலுவலகத்தில் வைக்கப்படும். யாரும் பார்க்கலாம், வீட்டுக்குத் தகவல் போகலாம். இருவரும் இந்துக்கள் என்றால், 1967-இல் அண்ணாவின் ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தின் வழியும் இருக்கிறது. அதற்கு இந்த 30 நாள் அறிவிப்பு கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் கொடுக்கப்படும் துணிச்சல் அந்தப் பெண்ணின் உயிரைப் பணயம் வைக்கிறது. ஆலோசகர் மாலையில் பத்திரமாக வீட்டுக்குப் போய்விடுவார்.

முதலில் கேட்க வேண்டியது, “வீட்டுல தெரிஞ்சா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?” என்பதுதான். பதிலில் அழுகை, பேச்சுவார்த்தை நிறுத்தம், மாமாவின் கோபம் என்று வந்தால் பேச்சு ஒரு வழியில் போகும். “வெட்டிருவாங்க” என்று வந்தால் வேறு வழி. அதன்பின் இது குடும்ப விஷயம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில், இத்தகைய இணையர்களுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லங்களும் அமைய வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. எங்கே போக வேண்டும், யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்ற விவரத்தைக் கையில் வைத்திருப்பது ஆலோசகரின் வேலை. காதலிக்கலாமா, பிரியலாமா, காத்திருக்கலாமா என்பது அந்தப் பெண்ணின் வேலை. ‘நம்ம பக்கத்து வழக்கம்’ என்று எதைச் சொன்னாலும் கொலை மிரட்டல் அதற்குள் அடங்காது.

தெரியாததைக் கற்றுக்கொள்வது

தன் மதிப்பீட்டை ஒரு தொழில்முறைப் பணியாளர் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி ஆலோசனை அறைக்கு வெளியே, சென்னை உயர் நீதிமன்றத்தில் கிடைத்தது. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் இணைந்து வாழ விரும்பிச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் தொடுத்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பைப் பற்றித் தமக்கு முழுமையான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகப் பதிவு செய்தார். பிறகு ஓர் உளவியலாளரிடம் தாமே அமர்வுக்குச் சென்றார். பால்புதுமையினரைச் சந்தித்துக் கேட்டார். 2021 ஜூன் 7 அன்று வழங்கிய உத்தரவில், பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளைத் தடை செய்து, அதில் ஈடுபடுவோரின் உரிமத்தை ரத்து செய்வது வரையிலான நடவடிக்கைக்கும் வழி செய்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’யைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கையில் இருந்தும், கற்றுக்கொண்ட பிறகு சொல்கிறேன் என்று அந்த நீதிபதி காத்திருந்தார். ஓர் ஆலோசகர் இதைவிடக் குறைவாகச் செய்வதற்கு நியாயமே இல்லை. மகனை ‘சரி செய்து தாருங்கள்’ என்று அழைத்துவரும் பெற்றோரிடம், இது நோயில்லை, மாற்றுவதற்குச் சிகிச்சையும் இல்லை, செய்தால் சட்டப்படி தவறு என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, பெற்றோரின் பயத்தோடு வேலையைத் தொடங்கலாம். அந்தப் பயம் உண்மையானது. அதற்கு உதவி தேவை.

வேறொருவரிடம் அனுப்பலாமா?

தம் நம்பிக்கைக்கு ஒவ்வாத ஒருவர் வந்தால் வேறு ஆலோசகரிடம் அனுப்பிவிடலாம் என்பது நேர்மையான வழியாகத் தோன்றும். அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. 2009-இல் மிஷிகனில் ஆலோசனைத் துறை படித்த மாணவி ஒருவர், தன்பாலுறவில் இருந்த ஒருவருக்கு ஆலோசனை தருவது தம் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு முரண் என்று வேறொருவரிடம் அனுப்பக் கேட்டார். பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரணைக்கு அனுப்பியது; அதே ஆண்டு சமரசமாக முடிந்தது. 2014-இல் வெளியான அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் நெறிமுறை, சொந்த மதிப்பீடு ஒத்துவரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. டென்னசி மாநிலம் 2016-இல் இதற்கு நேர்மாறாகச் சட்டம் போட்டபோது, அங்கே நடக்கவிருந்த 2017 மாநாட்டையே சங்கம் வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டது.

தமிழ்நாட்டில் கேள்வி இன்னும் கூர்மையானது. ஒரு வட்டத் தலைநகரில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் இருந்தாலே பெரிது. ‘வேறொருவரிடம் போங்கள்’ என்பதன் பொருள், இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான். பெரும்பாலோர் போகமாட்டார்கள். திறமை போதாதபோது அனுப்புவது கடமை. உதாரணமாக, சிறுவர் மனநலத்தில் பயிற்சி இல்லாதவர் அந்தப் பயிற்சி உள்ளவரிடம் அனுப்பத்தான் வேண்டும். மனம் ஒப்பாதபோது மேற்பார்வையாளரிடம் போக வேண்டியவர் பணியாளர், வந்தவர் இல்லை.

உடலும் ஒழுக்கமும்

ஒழுக்கக் கருத்து மிக வேகமாகக் குறுக்கிடும் இடம் மகப்பேறு, கருக்கலைப்பு, எச்.ஐ.வி. பிரிவுகள். 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. கணவரின் கையெழுத்தோ தாயின் கையெழுத்தோ சட்டத்தில் இல்லை. மனநலம் குன்றியவருக்கு மட்டும் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று சொன்னதோடு, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிப்பதையும் கண்டித்தது. ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்பது பாதுகாப்பு நடைமுறைபோல ஒலிக்கும். உண்மையில் அது ஒரு பணியாளரின் சொந்த விதி.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அந்த ஆய்வுக்கு வழிகாட்டிய டாக்டர் சுனிதி சாலமன், சக மருத்துவர்கள் பலர் தொடத் தயங்கிய நோயாளிகளுக்காகவே பிற்பாடு தம் தொழில் வாழ்க்கையை ஒதுக்கினார். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்களில் இன்றும் ஆலோசகரின் முதல் கேள்வி ‘எப்படி வந்தது?’ என்பதாக இருந்தால், வந்தவர் பொய் சொல்வார். சிகிச்சைக்குத் தேவையான தகவலும் அந்தப் பொய்யோடு போய்விடும். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைத் திட்டும் வார்டுகளுக்கும் இது பொருந்தும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. வசைக்கு அங்கே வேலையில்லை.

நடுநிலை தவறாகும் இடம்

இதுவரை சொன்னதை வைத்து, பணியாளர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சர்வதேச சமூகப் பணியாளர் கூட்டமைப்பு 2014-இல் ஏற்ற வரையறை, சமூக நீதியையும் மனித உரிமையையும் தொழிலின் மையமாகவே வைக்கிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். போதை மீட்பு மையத்துக்குக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி வேலை செய்யும் ஒருவர் வருகிறார். குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் இறங்க முடியாது என்கிறார். உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதர்களை அப்படி இறக்குவதை, கையால் கழிவகற்றுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அவருடைய மன உறுதியை மட்டும் பேசிக் குடியை நிறுத்தச் சொன்னால், குற்றம் செய்த ஒப்பந்தக்காரர் கணக்கில் வராமலே போகிறார். நோயைத் தனிமனிதனுக்குள் மட்டும் தேடுவதும் ஓர் அரசியல் நிலைப்பாடுதான், அதைக் கையாள்பவருக்குத் தெரியாவிட்டாலும். இங்கே மறுவாழ்வுத் திட்டம் என்ன, புகாரை யாரிடம் தருவது என்று சொல்வதும் சிகிச்சையின் பகுதி. புகார் கொடுப்பதா, இப்போதைக்கு வேலையைத் தக்கவைப்பதா என்பதை அவரே முடிவு செய்வார்.

சில இடங்களில் வந்தவரின் விருப்பம்கூடக் காத்திருக்க முடியாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். ‘குடும்ப மானம்’ என்ற மதிப்பீடு எவ்வளவு பழையதாக இருந்தாலும் அங்கே எடுபடாது. இதை முதல் அமர்விலேயே சொல்லிவைப்பது நேர்மை.

வந்தவரே அரசியல் பேசினால்

“நீங்க எந்தக் கட்சி சார்?” என்ற கேள்வி தேர்தல் காலத்தில் நிச்சயம் வரும். மழுப்புவதும் விளக்கம் சொல்வதும் தேவையில்லை. “என் கட்சி எதுவா இருந்தாலும் உங்களுக்கு நான் செய்யற வேலை மாறாது. நான் வேற கட்சியா இருப்பேனோன்னு உங்களுக்கு யோசனையா இருக்கா?” என்று கேட்டால், கேள்விக்குப் பின்னால் இருக்கும் அச்சம் வெளியே வரும். வெறுப்பைப் பேசுபவரும் வருவார். மகளின் திருமணத்தால் மானம் போனதாகக் கொதிக்கும் தகப்பனிடம் சாதியத்தைப் பற்றிப் பாடம் எடுத்தால் அவர் எழுந்து போய்விடுவார்; தலையாட்டினால் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வார். “நீங்க பட்ட வேதனை புரியுது. அந்தப் பையன் சாதியைப் பத்திச் சொன்னதை என்னால ஏத்துக்க முடியாது. உங்க வேதனையைப் பேசலாம்” என்று சொல்லலாம். அவர் கையில் ஆயுதம் எடுக்கக்கூடும் என்று தோன்றினால், மகளின் பாதுகாப்பு ரகசியக் காப்பைவிட முக்கியம்.

அறைக்கு வெளியே பணியாளரும் குடிமகன்தான். அரசு ஊழியராக இருப்பவரை 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. கட்சி உறுப்பினராக இருக்கவோ பிரசாரம் செய்யவோ முடியாது. மற்றவர்கள் ஊர்வலம் போகலாம், எழுதலாம். ஊர்வலத்தில் பார்த்த முகம் மறுநாள் எதிரே வந்து உட்காரும் என்ற நினைவோடு போக வேண்டும்.

பணியாளர் தனியாக உட்கார்ந்து தம் சார்பைக் கண்டுபிடிப்பது அரிது. மாதம் ஒருமுறையாவது மேற்பார்வையாளரோடு அமர்ந்து, எந்த அமர்வில் கோபம் வந்தது, யாருக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுக்கப்பட்டது, யார் இரண்டாம் முறை வரவில்லை என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வராமல் நின்றவர்களின் பெயர்களில் ஒரே சமூகத்தவரோ, ஒரே வகைப் பிரச்சினையோ திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு அறையில்தான் இருக்கிறது; அதைச் சரிசெய்யும் பொறுப்பு பணியாளருடையது.